அபர்டீன் வேண்டாம் என்று அக்காவுக்கு எழுதியது

பெய்ஸ்லி,
திங்கட்கிழமை, மழை.

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா எஃபிக்கு,

தம்பி டூகல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி செங்காவும் மகள் மைரியும் உயிரோடு இருக்கிறோம். அங்கே ஷெட்லாந்தில் உன் முட்டிவலியும் அத்தானின் படகும் வழக்கம்போல் இருக்கும் என்று நம்புகிறேன். நீ பின்னி அனுப்பிய கம்பளித் தொப்பி வந்து சேர்ந்தது. காது, மூக்கு எல்லாம் தாண்டி முகவாய் வரை இறங்குகிறது. என் தலையைப் பற்றி உனக்கு இவ்வளவு பெரிய அபிப்பிராயம் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

நிற்க. சென்ற மாதம் தொலைபேசியில் நீ எனக்கு ஒரு ஆலோசனை சொன்னாய். "பொண்ணுக்குப் பதினேழு வயசாச்சு டூகல். ஒரு சனி ஞாயிறு கார்ல கூட்டிட்டுப் போயி நாலு ஊரக் காட்டு. எங்க படிக்கணும்னு அவளே முடிவு பண்ணட்டும்" என்றாய். சொன்னதோடு நிற்காமல் ஒரு வரைபடத்தில் பச்சை மையால் வழியும் போட்டு அனுப்பினாய்: எடின்பரோ, கடல்மேல் போகும் பாலம், பெர்த், டண்டி, அபர்டீன், திரும்பும்போது பிரேமார் மலைப்பாதை. எங்கள் வீட்டிலிருந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு ரயிலும் சுரங்க ரயிலுமாக நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடப் பாதைக்கு மட்டும் உன் பேனாவில் மை தீர்ந்துவிட்டது போலும். போகட்டும். உன் ஆலோசனையின்படி போய் வந்தோம். அதன் பலன்களை வரிசையாக உன் பார்வைக்கு வைப்பது தம்பியின் கடமை.

மைரி பாறைகளைப் பற்றிப் படிக்கப் போகிறாளாம். கல், அக்கா. மருத்துவம் இல்லை, சட்டம் இல்லை, கல். அதுவும் உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள், என்னிடம் மூன்றாவதாக, பக்கத்து வீட்டு நாய்க்கு அப்புறம். சரி, கல்தானே, பெய்ஸ்லியில் கல் இல்லையா என்று கேட்டேன். அதற்கு அம்மாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே, அதைப் பதினேழு வருஷமாக அனுபவிக்கிறேன், வர்ணிக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை காலையில் என் பயிற்சிக் காரிலேயே கிளம்பினோம். மைரிதான் ஓட்டினாள், எல் போர்டோடு. இந்த ஊரில் நானூறு பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், என் மகள் மட்டும் இரண்டு தடவை தேர்வில் தோற்றுவிட்டாள். காரணம் வாத்தியார்தான் என்று செங்கா வெளிப்படையாகவே சொல்லி வருகிறாள். பயிற்சிக் கார் என்பதால் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு என்பது உனக்குத் தெரியும். அதை நான் அவசியத்துக்கு மட்டுமே பயன்படுத்துவேன். எடின்பரோ போவதற்குள் ஒன்பது தடவை அவசியம் வந்தது. பின்னால் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த செங்காவின் மடியில் அதில் நாலு அவசியம் கொட்டியது. "டூகல், உன் கால மடிச்சு சீட்டுக்கு அடியில வெச்சுக்கோ, இல்லேன்னா நான் வெட்டி டிக்கியில போட்டுருவேன்" என்றாள். திருமணமாகி இருபத்திரண்டு வருஷம். இன்னும் என் கால்கள் மீது அக்கறை.

எடின்பரோவில் இடம் தேடித் தேடி, பல்கலைக்கழகத்திலிருந்து ஒன்றரை மைல் தள்ளி, ஒரு மேட்டின் அடியில் காரை நிறுத்தினோம். மழையில் ஏறிப் போனோம். சுற்றிக் காட்ட ஒரு மாணவி வந்தாள். தலைமுடி பச்சை. மரியாதையான பெண்தான். பெற்றோர் ஏதாவது கேட்கலாம் என்றாள். கேட்கச் சொன்னதால்தான் கேட்டேன்.

"இங்க பிள்ளைங்க ராத்திரி எத்தன மணிக்குத் தூங்குவாங்க?"

"நீங்களா சார் சேரப் போறீங்க?" என்றாள்.

இருபது குடும்பங்கள் சிரித்தன. செங்கா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். மைரி மட்டும் நாலடி தள்ளிப் போய் யாரோ வேறு குடும்பத்துப் பெண் மாதிரி நின்றுகொண்டாள். வெளியே வந்ததும் கோட்டைப் பாறையைக் காட்டி, "அது பழைய எரிமலைப்பா" என்றாள், ஏதோ நல்ல செய்தி மாதிரி.

"எரிமல மேல கட்டின ஊர்ல உன்ன விட்டுட்டு நான் எப்படித் தூங்குறது?"

"அணைஞ்சு முப்பது கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அணைஞ்சுதுன்னு யார் பாத்தா?"

"அதப் படிக்கத்தான்பா போறேன்."

டண்டி போவதற்குள் இன்னும் ஆறு அவசியம் வந்தது.

அபர்டீன் சேரும்போது சாயங்காலம். காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு வருஷம் அங்கே படித்தவள் நீ. கார்க் கதவைத் திறந்தேன், அதைத் திரும்ப மூடுவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. பசிக்கிறதே என்று அந்த ஊர் உப்பு ரொட்டி ஒன்று வாங்கி, வெண்ணெய் தடவி, வாய்க்குக் கொண்டுபோனேன். கடல்காகம் ஒன்று, செங்காவின் கைப்பை அளவு இருக்கும், என் தோள்மேல் வந்து உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் எடுத்துக்கொண்டு போயிற்று. கடைக்காரர் உள்ளேயிருந்து, "வெளியூரா?" என்று கேட்டார். இதுதான் அந்த ஊர் விருந்தோம்பல்.

அந்த நேரத்தில் மைரி எங்கே என்று பார்த்தேன். பல்கலைக்கழகத்துப் பழைய தெருவில் ஒரு சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தாள். மழை நின்று வெயில் லேசாக எட்டிப்பார்த்த சமயம். சுவரைத் தடவிக்கொண்டே, "இங்க வாங்கப்பா, பாருங்க, கல்லுக்குள்ள மின்னுது" என்றாள். நானும் குனிந்து பார்த்தேன். மின்னியது. ஆனால் நான் பார்த்தது கல்லை இல்லை. எங்கள் வீட்டில் அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை அக்கா. உடனே, "சளி பிடிக்கும், எந்திரி" என்றேன்.

தங்கிய விடுதியின் சொந்தக்காரி காலையில் கருவாட்டு மீனைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, "பொண்ணு இங்க படிக்க வருதா? மாடியில ஒரு ரூம் வெச்சிருக்கேன். மாணவிகளுக்குத்தான் விடறது" என்றாள்.

"ஜன்னல் சரியா மூடுமா?" என்றேன்.

"மூடும். திறக்கவும் திறக்கும்" என்றாள்.

மைரி சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிப்போய் அறையைப் பார்த்துவிட்டு வந்தாள். செங்காவும் போய்ப் பார்த்தாள். கடல் தெரிகிறதாம். நான் மீனின் முள்ளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை. உன் பச்சைக் கோட்டின்படி பிரேமார் வழியாக மலையேறி பெர்த் போக வேண்டும். பாதை அழகுதான், மறுக்கவில்லை. ஆற்றோரம் மரமெல்லாம் இலை பழுத்து நின்றது. ஆனால் எங்களுக்கு முன்னால் ஒரு வைக்கோல் வண்டி, அதற்குப் பின்னால் இருபது கார்கள், நடந்து போனாலே முந்திவிடலாம். அப்போது நான் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தேன். பக்கவாட்டில் பிரிந்து போன சின்ன ரோடு. "வேணாம்பா, அத்தை போட்ட வழியிலேயே போலாம்" என்றாள் மைரி. அத்தை போட்ட வழி. அந்த ஒரு வார்த்தைக்காகவே சின்ன ரோட்டில் திரும்பச் சொன்னேன்.

ஒரு கார் மட்டும் போகிற ரோடு. எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே இடம் விட்டிருப்பார்கள். நாலு மைல் போனதும் ஒரு வளைவில், வீட்டையே சக்கரத்தில் வைத்த மாதிரி ஒரு சுற்றுலா வேன் எதிரே வந்தது. இங்கே நடந்ததை நான் நேர்மையாக எழுத வேண்டும், ஏனென்றால் செங்கா உனக்குத் தனியாகப் போன் செய்வாள். மைரி வேகத்தைக் குறைத்தாள். இடது பக்கம் சிக்னல் போட்டாள். ஒதுங்கும் இடத்துக்குள் பக்குவமாக நுழைந்துகொண்டிருந்தாள். நான் என் பக்கத்துப் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன். கீழே ஈர இலை. வண்டி ஒரு தடவை யோசித்துவிட்டு, மெதுவாக, பின்புறமாகப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேன்காரர் இறங்கி வந்து விசாரித்தார். அப்புறம் காரின் உச்சியில் இருக்கும் பலகையை நிதானமாகப் படித்தார். 'ரெனி ஓட்டுநர் பயிற்சி. பதற்றமில்லாமல் பழகுங்கள்.' அனுமதி கேட்டுத்தான் போட்டோ எடுத்தார், அந்த அளவுக்கு நாகரிகமான மனிதர்.

போனில் சிக்னல் இல்லை. ஒன்றரை மணி நேரம் மழையில் சரிந்த காருக்குள் சரிந்தபடியே உட்கார்ந்து ஆறிப்போன, மக்ரோனி அடைத்த பேஸ்ட்ரி சாப்பிட்டோம். ஆடுகள் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போயின. கடைசியில் டிராக்டர் ஓட்டிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தாள். இஷ்பெல் என்று பெயர், அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரி, அறுபது வயதிருக்கும். சங்கிலியை மாட்டிக்கொண்டே, "யாரு ஓட்டுனது?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மைரி, "நான்தாங்க. பயந்து பிரேக்க மிதிச்சிட்டேன்" என்றாள்.

நான் சொல்லியிருக்கலாம். சொல்ல நேரம் இருந்தது. தலைக்கு மேலே என் பெயர் எழுதின பலகை, பக்கத்தில் என் மனைவி, எதிரே என் பெண். நான் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் காருக்குள் குனிந்து பார்த்தாள். என் பக்கத்துப் பிரேக்கைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பிரேக்க மிதிக்கிறவங்களத்தான் நான் இந்த ரோட்ல இழுத்துக்கிட்டு இருக்கேன். ஓட்டறவங்க அவங்க பாட்டுக்குப் போயிடறாங்க" என்றாள். மைரியிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டாள். கல் என்றதும் சந்தோஷமாகி, "எங்க வயல் முழுக்க அதான் வெளையுது, எடுத்துட்டுப் போ" என்று ஒன்றைத் தூக்கியே கொடுத்துவிட்டாள். அது இப்போது எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும்.

அங்கிருந்து பெய்ஸ்லி வரை மைரிதான் ஓட்டினாள். மலை, மூடுபனி, பெர்த், நெடுஞ்சாலை, இருட்டு. ஒரு தப்பு இல்லை. நான் காலை மடித்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தேன். செங்கா பின்னாலிருந்து ஒரே ஒரு தடவை, "டீ வேணுமா டூகல்?" என்று கேட்டாள். அவள் என்னிடம் அன்பாகப் பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

ஆகவே அக்கா, இது உன்னால் வந்தது, நீயே இதை முடித்து வை. மைரிக்கு உடனே ஒரு கடிதம் எழுது. உன் பேச்சை அவள் தட்ட மாட்டாள். அபர்டீன் காற்று நெஞ்சுக்கு ஆகாது என்று எழுது. அங்கே பறவைகள் திருடும் என்று எழுது. உன் கதையையே எழுதேன். நீ அங்கே படிக்கப் போனாய், போன இடத்தில் ஷெட்லாந்துக்காரர் ஒருவரைப் பார்த்தாய், தீவில் போய் உட்கார்ந்துகொண்டாய். உன்னை ரயிலேற்றிவிட்ட அப்பா அதற்கப்புறம் மூன்று வருஷம் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை, சுற்றிக்கொண்டு மார்க்கெட் வழியாகத்தான் வேலைக்குப் போனார். இது உனக்குத் தெரியாது. நான் கூடவே நடந்தவன். அந்த வழியில் நடக்க எனக்கு இஷ்டமில்லை. கிளாஸ்கோவே நல்லது, வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று நாலு வரி, உன் கையெழுத்தில். அது போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் படகில் தண்ணீர் ஏறாமலும் உன் முட்டியில் குளிர் ஏறாமலும் கர்த்தர் காக்கட்டும். செங்கா அன்பு சொல்லச் சொன்னாள், நான் எழுதியதில் பாதியை நம்ப வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னாள்.

என்றும் உன் சொல்லை மதிக்கும் தம்பி,
டூகல் ரெனி

பி.கு.: செவ்வாய்க்கிழமை காலை. உறையை ஒட்டி வைத்ததைக் கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன். சற்று முன்னால் மைரி சமையலறைக்கு வந்தாள். நின்றுகொண்டே, "அப்பா, நான் கிளாஸ்கோலயே சேர்றேன். வீட்ல இருந்தே போறேன்" என்றாள். நான் குதித்திருக்க வேண்டும். "ஏன்டி, அந்தச் சுவர் நல்லா இருந்துதே" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அதற்கு அவள், "அந்த டிராக்டர் அம்மா கேட்டப்ப உங்க முகத்தப் பாத்தேன்பா. உங்கள இப்படி விட்டுட்டுப் போக முடியாது" என்று சொல்லி, என் தோளில் தட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். பதினேழு வயதுப் பெண் எனக்காகப் பரிதாபப்படுகிறாள் அக்கா. மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. இன்றைக்கே அவளுக்கு எழுது, அபர்டீன்தான், வேறு பேச்சில்லை என்று எழுது. காற்று உடம்புக்கு நல்லது என்று எழுது. விடுதிக்காரிக்கு நான் இப்போதுதான் போன் செய்தேன், அறையை வேறு யாருக்கும் விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நான் எழுதச் சொன்னேன் என்று மட்டும் மைரிக்குத் தெரியக் கூடாது. நானே சொல்லலாமே என்பாய். பதினேழு வருஷமாக நான் சொன்ன எதையும் கேட்காதவள், ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்திருக்கிறாள், அதுவும் நான் பேசாமல் நின்றதைக் கேட்டு. இனி நான் போ என்றால் நம்ப மாட்டாள்.