செடி காய்க்காமல் பார்த்துக்கொண்டேன்

இந்த மாதத்துக்குள் வாசல் புதரை வெட்டியே தீருவது என்று முடிவெடுத்தேன். என் புதுக் கார் தெருவில் வெயிலில் காய்கிறது. அது நிற்க வேண்டிய இடத்தில் புதர் சொகுசாகப் பூத்துக்கொண்டிருக்கிறது. இந்த வீட்டில் புதருக்கு இருக்கிற மரியாதைகூட எனக்குக் கிடையாதா?

"அது நாட்டுச் செடிங்க. கை வச்சுப் பாருங்க, தெரியும்," என்றாள் மனைவி.

"யாரு சொன்னா? நர்சரிக்காரன் தலையில கட்டின வெளிநாட்டுச் சரக்கு!"

பஞ்சாயத்து மாடி வீட்டுத் தாவரவியல் டீச்சரிடம் போனது. அவர் ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தார். இலையைக் கசக்கி மோந்தார்.

"ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும் சார். ஆனா நாட்டுச் செடி காய்க்கும். நர்சரி ரகம் பூக்கிறதோட சரி. மூணு வாரம் பொறுங்க."

"காய்ச்சா செடி நிக்கும், காய்க்கலேன்னா கார் நிக்கும். சம்மதமா?" என்றாள் மனைவி.

சம்மதித்தேன். உள்ளுக்குள் சிரித்தேன். வண்டு வந்து மகரந்தம் சேர்த்தால்தானே காய்? வண்டையே விடாவிட்டால்?

மறுநாளே ஆபீசுக்கு லீவு போட்டேன். துண்டும் கையுமாகப் புதருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மந்திரி வீட்டுக்குக்கூட அப்படி ஒரு பந்தோபஸ்து இருக்காது.

மனைவி எட்டிப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தால், பரிதாபப்பட்டாள்.

"துண்டை வீசினா பெரிய வண்டு ஓடும். பூவுக்குள்ள பூந்திருக்கிற குட்டிப் பூச்சி ஓடுமா? இந்தாங்க." அவள் நீட்டியது, படம் வரைகிற மெல்லிய பிரஷ். "ஒவ்வொரு பூவுக்குள்ளயும் விட்டு நல்லா சுத்தி எடுங்க. ஒண்ணு விடக்கூடாது."

"நீ ஏன் எனக்கு உதவி பண்றே?"

"புருஷன் பாடுபடறதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியுமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரம் முழுக்க மூக்கெல்லாம் மஞ்சளாகப் பூ விட்டுப் பூ தாவினேன்.

மூன்றாவது வாரம் புதர் முழுக்கக் காய். கொத்துக் கொத்தாக.

டீச்சர் நோட்டோடு இறங்கி வந்தார். "நாட்டுச் செடியேதான்! இவ்வளவு காய் நான் பாத்ததே இல்லை. மகரந்தம் சேத்தது எந்தப் பூச்சி?"

"ஒரு பூச்சியையும் விடலை!" என்று கத்தினேன். "நானே பிரஷ்ஷால ஒவ்வொரு பூவா..."

ஒரு பூவின் மகரந்தத்தை அள்ளி அடுத்த பூவில் பூசியது வேறு யார்?

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துக் குறித்துக்கொண்டார். "இந்தப் பூச்சி அடுத்த வருஷமும் வருமா?"

"வருஷா வருஷம் வரும் டீச்சர்," என்றாள் மனைவி. "ஒரு காபி கொடுத்தா போதும்."