ஜமீன் மாளிகையில் நான் முட்டிக்கொண்டது

தெலுங்கு அறவே தெரியாதவர்களால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அவர்கள் பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். கொஞ்சம் தெரிந்தவர்கள்தான் ஆபத்து. திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் எனக்குத் தெலுங்கு கொஞ்சம் தெரியும்.

நான் சங்கரன்கோவில் பக்கம். நாங்களும் தறி வீடுதான். ஆனால் எங்கள் வீட்டில் தெலுங்கு எந்தத் தலைமுறையிலோ மறந்துபோய்விட்டது. புகுந்த வீட்டிலோ சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாம் தெலுங்கில்தான். நானாகவே ஓர் இலக்கணம் கண்டுபிடித்தேன். ‘ரண்டி’ என்றால் வாருங்கள். ‘கூர்ச்சோண்டி’ என்றால் உட்காருங்கள். ஆகவே எந்த வார்த்தையானாலும் கடைசியில் ‘ண்டி’ வந்தால், அதைச் செய்யுங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். (இதை யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. மேதைகள் கேட்பதில்லை.)

உலக யுத்தம் முடிந்திருந்தது, நூல் தட்டுப்பாடு முடியவில்லை. எங்கள் தறிகளில் பாதி சும்மா கிடந்தன. அந்தச் சமயத்தில், மலைக்கு வடக்கே இருந்த ஒரு ஜமீன் மாளிகையில் கல்யாணப் புடவைகள் நெய்ய ஆள் தேடுவதாகச் செய்தி வந்தது. நூலும் ஜரிகையும் அவர்களே கொடுப்பார்களாம். ஒரே நிபந்தனை: மாளிகையில் காட்சிக்கு வைத்திருக்கும் அழகுப் பொருள்களை வந்து பார்க்க வேண்டும், அந்தச் சாயலில் கரை போட வேண்டும். இந்த வேலை கிடைத்தால் அடுத்த வருஷம் வரைக்கும் வீட்டில் அடுப்புக்குக் கவலையில்லை.

நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். என் கணவரின் அண்ணனுக்கு (பாவா என்று கூப்பிடுவேன்) இஷ்டமில்லை. எனக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே கேட்டார்.

“அந்தப் பொண்ணு எதுக்குடா? பாஷை தெரியாம முழிச்சிகினு நிக்கும்.”

“அதெல்லாம் தெரியும்ணா. நல்லா கத்துகிச்சு” என்றார் என் வீட்டுக்காரர். பாவம், என்னை நம்பினார்.

காலையில் மலையேறி முருகனைக் கும்பிட்டு, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரி பஸ் ஏறினோம். இறங்கும்போது வியர்வையில் குங்குமம் நன்றாகக் குழைந்திருந்தது. அது பின்னால் சாட்சி சொல்லப் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மாளிகை மேனேஜர் ஒல்லியாக, விறைப்பாக இருந்தார். ஒவ்வொரு பொருளாகக் காட்டி, தெலுங்கில் விளக்கிக்கொண்டே முன்னால் நடந்தார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளை ஜாடி. அதன் வயிற்றில் நீல நிறத்தில் ஓர் ஆறு, பாலம், பாலத்தில் குடை பிடித்து ஒருத்தி. குடையின் கம்பிகூடத் தெரிந்தது. மனுஷக் கைதானா இது என்று நான் வாய் பிளந்து நின்றபோது மேனேஜர் சொன்னார்:

“முட்டுகோகண்டி.”

என் இலக்கணம் உடனே வேலை செய்தது. முட்டிக்கொள்ளுங்கள்! எனக்கு அது நியாயமாகவே பட்டது. இவ்வளவு அழகைப் பார்த்துவிட்டுச் சும்மா போவதா? எல்லோரும் நகர்ந்ததும், கண்ணாடியில் நெற்றியை மெதுவாக முட்டிக் கும்பிட்டேன். மற்றவர்கள் முட்டாதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பெரிய இடத்து வழக்கம் இவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது என்று மன்னித்துவிட்டேன்.

அடுத்தது வெள்ளிப் பல்லக்குக் கொம்பு, அதற்கும் முட்டினேன். இறகு இறகாகச் செதுக்கிய கண்ணாடி மயிலுக்கு இரண்டு முறை. பிறகு தந்தம் இழைத்த நாற்காலி. கறுப்பு மரத்தில் ஒரு வெள்ளைக் கொடி காலிலிருந்து கிளம்பி, முதுகில் ஏறி, கைப்பிடியில் பூத்தது. புடவைக் கரைக்கு இந்தக் கொடிதான் என்று பாவா முடிவு செய்து, விரலை நீட்டினார். மேனேஜர் சீறினார்.

“முட்டுகோகண்டி! முட்டுகோகண்டி!”

நாம் மெத்தனமாக இருக்கிறோம் என்று கோபப்படுகிறார் போலும் என நினைத்தேன். குடும்ப மானத்தைக் காக்க, பக்கத்தில் சுவர் உயரத்துக்கு நின்ற நிலைக்கண்ணாடியில் பலமாக ஒரு முட்டு முட்டினேன்.

டொக்.

எல்லோரும் திரும்பினார்கள். மேனேஜர் என் நெற்றியைப் பார்த்தார். பிறகு, வந்த வழியெல்லாம் பெட்டிக்குப் பெட்டி சிவப்புப் பொட்டு இருப்பதைப் பார்த்தார்.

“இன்னாம்மா பண்ணிகினு வர்றே?” என்றார் பாவா.

“அவருதான் முட்டிக்கச் சொன்னாவ.”

“ஐயோ, தொடாதீங்கன்னு சொன்னாரும்மா!”

தெலுங்கில் முட்டுவது என்றால் தொடுவது. நடுவில் ஒரு ‘க’ நுழைந்தால் தொடாதே. அந்தப் பாழாய்ப்போன ‘க’வை நான் கவனிக்கவே இல்லை.

சத்தம் கேட்டு ராணியம்மாள் உள்ளே வந்தார். வந்தவர் நேராக நிலைக்கண்ணாடி முன் நின்றார். கண்ணாடியில் அவர் மூக்கின் மேல் என் பொட்டு. மேனேஜர் எங்களை வெளியே தள்ளத் துடித்தார். புடவை போச்சு, நூல் போச்சு, என்னால் தறிகள் எல்லாம் போச்சு.

“ஏன் முட்டினே?” என்று ராணியம்மாள் தமிழிலேயே கேட்டார்.

“இம்புட்டு அழகா இருக்கே... முட்டச் சொன்னது சரிதான்னு நெனச்சேன்” என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவர் சிரித்தார். “வர்றவங்க எல்லாம் இது எந்த ஊர் சாமான்னுதான் கேப்பாங்க. கும்பிட்டது இந்தப் பொண்ணு ஒண்ணுதான்.” புடவை வேலையை எங்களுக்கே கொடுத்தார். கண்ணாடிகளை நானே துடைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். மேனேஜர் அதைத் தண்டனை என்று நினைத்தார். எனக்கோ எல்லாவற்றையும் இன்னொரு முறை, அதுவும் கிட்டத்தில் நின்று பார்க்கக் கிடைத்தது. அந்த நீல ஆற்றில் ஒரு மீன் இருந்ததை அப்போதுதான் கண்டேன்.

பஸ்ஸில் பாதி வழியில் திடீரென்று தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்த பாவா, வீடு வரும்வரை நிறுத்தவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது நன்றாக இருந்தாலும், புதுப்புடவையோ, பொங்கிய பூரியோ, “முட்டிக்கலாமா?” என்றுதான் கேட்பார்கள். எங்கள் வீட்டு மருமகள்களுக்குச் சமையலறையைக் காட்டுமுன் இந்தக் கதையைச் சொல்லிவிடுவது வழக்கம்.

பாவாவுக்குப் பேத்தி பிறந்தபோது வீடு கொள்ளாத கூட்டம். ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ள வர, அவர் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, “பச்சப் புள்ள! முட்டுகோகண்டி!” என்று அதட்டினார். எல்லோரும் ஒதுங்கி நின்றோம். அவர் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார்.

“நீ வாம்மா. நீ முட்டிக்கோ.”

குனிந்து முட்டினேன். குழந்தையின் நெற்றியில் என் குங்குமம் ஒட்டிக்கொண்டது. யாரும் துடைக்கச் சொல்லவில்லை.