இடம் மாறிய இரண்டு பெயர்கள்

அலுவலகக் கருவிகளுக்குக் கையேடு எழுதும் கையேட்டுக்காரர் இன்னொரு தடவை திறந்து பார்த்தார். திரையில் அவர் பரிசோதித்த கோப்பு வெறும் கூடாகக் கிடந்தது.

கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் கோப்புகளை மூட்டையாகக் கட்டித் தரும் கருவி அது. அலுவலகத்திலேயே செய்தது. அதன் கையேட்டைப் புதுப்பித்து, காலையில் எல்லோருக்கும் அனுப்பியது அவர்தான். ‘முதலில் கோப்பின் பெயர், பிறகு மூட்டையின் பெயர்’ என்று எழுதியிருந்தார். அனுப்பிய பிறகுதான் செய்து பார்க்கத் தோன்றியது. கருவியோ மூட்டையின் பெயரை முதலில் கேட்கிறது. மாற்றிக் கொடுத்தால் கோப்பையே மூட்டையென்று எண்ணி, உள்ளே இருப்பதை வழித்துத் துடைத்துவிடுகிறது.

‘பதறாதே’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பதறிப்போய் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார்: ‘கையேட்டில் பிழை. இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிப் போடவும். மிக அவசரம்.’

அதுவரை கையேட்டைத் திறந்தே பார்க்காதவர்கள்கூட இப்போது திறந்தார்கள்.

"என்ன பிழை சார்? போட்டுப் பார்க்கட்டுமா?" தடுப்புக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"யாரும் எதையும் போட்டுப் பார்க்காதீங்க!"

"அப்புறம் எதுக்கு மிக அவசரம்னு எழுதினீங்க?"

மேலாளரின் அறையிலிருந்து குரல் வந்தது. "மாத்திப் போடணும், அவ்வளவுதானே? நான் பார்த்துக்கறேன்!"

அப்பாடா என்று உட்காரப் போனவருக்குக் கணக்காளர் அக்காவின் நினைவு வந்தது. கையேடு வந்ததுமே நன்றி சொல்லிப் பதில் போட்டவர் அவர் ஒருவர்தான். கையேட்டுக்காரர் ஓடினார்.

"அக்கா, எதையாவது மூட்டை கட்டினீங்களா?"

"கட்டிட்டேனே தம்பி. எங்க வீட்டுக்காரர் பேசின பதிவு. அது ஒண்ணுதான் இருக்கு. அவர் போனதுக்கப்புறம் திறக்கவே தைரியம் வரல. பத்திரமாவாவது இருக்கட்டுமேன்னு கட்டி வச்சேன்."

"எந்தப் பேரை முதல்ல போட்டீங்க?"

"உங்க கையேட்டுல இருக்கிறபடிதான். ஒரு எழுத்துகூட மாத்தலையே."

"வேற பிரதி...?"

"இல்லையே. ஏன் தம்பி, முகம் இப்படி வெளுத்துப் போச்சு?"

"அக்கா... அந்தக் குரல் அழிஞ்சு போயிருக்கலாம். தப்பு என்னோடது."

அக்கா பேனாவை மெல்லக் கீழே வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கருவியை எழுதியவன் மூலையில் இருந்தான். காதைவிட்டு எடுக்கவே மாட்டான் என்பதால் அவனுக்கு ஹெட்போன் என்றே பெயர். கையேட்டுக்காரர் அதைப் பிடுங்கிக்கொண்டு, அவனையும் சட்டையோடு இழுத்துவந்தார்.

"எப்படியாவது மீட்டுக் குடுப்பா. கால்ல வேணும்னாலும் விழறேன்."

"எதை மீட்கணும் சார்? கையேட்டுல இருக்கிறபடி போட்டிருந்தா ஒண்ணும் ஆகாதே."

"கருவி தலைகீழாக் கேட்குதேப்பா!"

"முன்னாடி கேட்டுச்சு. நீங்க எழுதின வரைவைப் பார்த்தேன், அந்த வரிசைதான் வசதியா இருந்துச்சு. அதுக்கேத்த மாதிரி நேத்தே கருவியை மாத்தி எல்லாருக்கும் போட்டுட்டேன். உங்க மெஷின் மட்டும்தான் பாக்கி. சொல்லலாம்னு வந்தேன், நீங்க சாப்பிடப் போயிட்டீங்க."

அக்கா கோப்பைத் திறந்தார். கரகரத்த ஆண்குரல் ஒன்று எழுந்தது: "கதவைப் பூட்டினியா? இன்னொரு தடவை இழுத்துப் பாரு."

"பூட்டிட்டேங்க," என்றார் அக்கா, சிரித்துக்கொண்டே அழுதபடி.

கையேட்டுக்காரர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். போன உயிர் திரும்பி வந்தது.

மேலாளர் அறைக்கதவைத் திறந்துகொண்டு, முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"ஐயா, நீங்க மெயில்ல சொன்ன மாதிரியே மாத்திப் போட்டு, நம்ம மொத்த வேலையையும் கட்டிட்டேன். எவ்வளவு வேகம்! கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு!"