பூஜ்ஜியத்தை அழித்த திங்கட்கிழமை

கையில் புதுச் சான்றிதழோடு இருக்கும் இருபத்துமூன்று வயதுக்காரனை எந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலும் தனியாக விடக் கூடாது. என்னை விட்டார்கள்.

ரத்தப் பரிசோதனை நிறுவனம் ஒன்றில் நெட்வொர்க் வேலை. ஆய்வகம் குளத்தூரில். ரிப்போர்ட் கொடுக்கும் கிளை உதியன்குளங்கரையில், ஓர் ஆஸ்பத்திரிக்குள். தலைமை அலுவலகம் நெய்யாற்றின்கரையில். எனக்கு முன்னால் இருந்தவர் நெட்வொர்க்கை மூன்று ஏரியாவாகப் பிரித்திருந்தார். குளத்தூர் ஒன்று, உதியன்குளங்கரை இரண்டு, நடுவில் நாங்கள் சீரோ. பாவம், எண் போட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை காலை யாரிடமும் கேட்காமல் (கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே) சீரோவை அழித்து மூன்று என்று மாற்றினேன். பார்க்க அழகாக இருந்தது.

பத்து நிமிடத்தில் உதியன்குளங்கரைக் கிளையிலிருந்து செலின் போன் செய்தாள்.

"குளத்தூர் ரிப்போர்ட் ஒண்ணும் வரல்ல. இங்க அட்மிட்டான ஒரு அம்மைக்குப் பதினோரு மணிக்கு ஆப்பரேஷன் உண்டு. கையெழுத்துப் போட்ட தாள் இல்லாம கத்தியத் தொடமாட்டேன்னு டாக்டர் நிக்காரு. நீங்க என்னவாவது செய்தியளா?"

"இல்லையே."

போனில் செலின் போட்ட சத்தம் கேட்டு வந்த மேனேஜர் ஸ்டீபன் சார் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"எலே, சீரோ எங்கலே?"

"ஒழுங்கு பண்ணினேன் சார்."

"அதாக்கும் முதுகெலும்பு! ஒண்ணுல உள்ள சேதி ரெண்டுக்குப் போகணும்னா சீரோ வழியாத்தான் போவும். அது இல்லேன்னா அவனவன் வீட்டுக்குள்ள அவனவன் ராஜா. எந்திரி, இத நான் சரியாக்கிக்கிடுவேன். நீ குளத்தூர் போயி ரிப்போர்ட்ட வாங்கிட்டு ஓடு!"

ஓடினேன். குளத்தூரில் தாளை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உதியன்குளங்கரை சேர்ந்தபோது பத்தே முக்கால். வாசலில் நின்ற அந்த அம்மையின் கணவர், கடலில் மீன் பிடிப்பவர், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மக்கா, தெய்வம்போல வந்தியே!"

நான் மறுக்கவில்லை. அடக்கமாகச் சிரித்தேன் என்றுகூட ஞாபகம்.

செலினிடம் தாளை நீட்டினேன். அந்த நிமிடம் அவள் பின்னால் இருந்த பிரிண்டர் கரகரவென்று அதே ரிப்போர்ட்டைத் துப்பியது. ஸ்டீபன் சார் சரியாக்கிவிட்டிருந்தார். செலின் இரண்டு தாளையும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"நெசத்தச் சொல்லுங்க. நீங்கதானே?"

தலையாட்டினேன். ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று அவள்தான் சாயங்காலம் போனில் சொன்னாள். மறுநாளும் போன் செய்தாள், காரணம் இல்லாமல். மூன்றாம் வருஷம் எங்கள் கல்யாணம்.

அன்றிலிருந்து வீட்டில் நான் எதைத் தூக்கி வெளியே போடப் போனாலும், "அது சும்மா கெடக்கா, இல்ல எதையாவது தாங்கிட்டு இருக்கான்னு கேட்டியளா?" என்கிறாள். பிள்ளைகளும் கோரஸாகச் சொல்கிறார்கள். எனவே, கம்பி ஒடிந்த குடைகள் நான்கு எங்களோடு வாழ்ந்து வருகின்றன.