ஓரமாக நிறுத்திய விமானம்

பூட்டு திறக்கவில்லை. விமான நிலையக் கோபுரத்தின் உச்சிப்படியில் மாமனாரை நிற்க வைத்துவிட்டு, மாப்பிள்ளை சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“தினம் வேலை பாக்குற இடம்னீங்க. பூட்டு துருப்பிடிச்சிருக்கே?”

“பாதுகாப்புக்குத்தான் மாமா. துருவைப் பாத்தா திருடன் கிட்ட வரமாட்டான்.”

மாமனாருக்கு வீட்டில் கேப்டன் என்று பெயர். வெளியூரில் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். தரையில் நின்று பிழைப்பவர்கள் எல்லாம் அவருக்குத் தரைப்பூச்சிகள். கட்டடக் கான்ட்ராக்டரான மூத்த மருமகனையே, “எத்தனை மாடி கட்டுனாலும் தரைப்பூச்சிதான்” என்று பந்தியில் வைத்துச் சொன்னவர். விமானங்களை வழிநடத்தி இறக்குகிற இளைய மருமகன்தான் அவருக்குச் செல்லம்.

அந்தச் செல்லத்துக்கு ஆபத்து வந்து வெகுநாளாகிவிட்டது. விமானங்கள் ஊருக்கு வெளியே புது நிலையத்துக்குப் போய்விட்டன. அங்கே வைத்த தேர்வில் தேறாத மாப்பிள்ளை, காலிக் கோபுரத்துக்குச் சாவிக்காரராக மிஞ்சிவிட்டார். இதை அப்பாவிடம் சொல்ல அவர் மனைவிக்கும் வாய் வரவில்லை. சொன்னால் குடும்பத்தில் தரைப்பூச்சி இரண்டாகிவிடும்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. உள்ளே இரண்டு புறாக்கள் யார் நீ என்பதுபோல் பார்த்தன. உயிரில்லாத திரைகளுக்கு மேலே கொடி கட்டி, மனைவி துவைத்துக் கொடுத்த துணிகள். நாலு பக்கமும் கண்ணாடி; காய்வதற்கு இதைவிட நல்ல இடம் ஏது? எடுத்து வைக்க மறந்து தொலைத்திருந்தார்.

“இதென்ன?”

“சிக்னல் துணி மாமா.”

“பூப்போட்ட தலகாணி உறையா?”

“அது... சரக்கு விமானத்துக்கு.”

கேப்டன் உறையைத் தடவிப் பார்த்தார். “எங்க காலத்துல கோடு போட்டது குடுத்தாங்க.”

கிண்டலா? மாப்பிள்ளை உறையை உருவிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கீழே ஓடுதளத்தில் டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று தட்டுத்தடுமாறிப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

“அது என்ன, பின்பக்கமாவே போகுது?”

“ஓடுதளம் வழுக்குதான்னு சோதிக்கிறாங்க மாமா.”

“சரி, ஒரு விமானத்தை இறக்கிக் காட்டுங்க.”

இதற்கு ஏற்பாடு இருந்தது. வேறொரு விமான நிலையத்திலிருந்து மாற்றலாகி வந்த வாசல் காவலாளி, வானொலிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்த போனில் விமானியாகப் பேசவேண்டும். ‘மழை, இன்று வரவில்லை’ என்று சொல்லி முடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கிடைத்த வேஷத்தைக் காவலாளி விடுவதாக இல்லை.

“சார்! இன்ஜின் புகையுது சார்! உள்ள எல்லாரும் அழுவுறாங்க! நானும் அழுவுறேன்!”

“மாப்பிள்ளை, சீக்கிரம் ஏதாச்சும் பண்ணுங்க!” கேப்டன் அலறினார்.

பதற்றத்தில் மாப்பிள்ளைக்கு வந்தது இதுதான்: “மேலயே கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க!”

சொன்ன பிறகே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கேப்டனோ தலையை ஆட்டினார்.

“அதான் சரி. நானும் அப்படித்தான் ஓரங்கட்டுவேன்.”

சந்தேகமே இல்லை, மனுஷன் கண்டுபிடித்துவிட்டுப் பூனை எலியை உருட்டுவதுபோல் உருட்டுகிறார்.

“சார், ஓரத்துல இடமில்ல சார்!”

“அப்ப புது ஏர்போர்ட்டுக்குப் போய்த் தொலையுங்க!”

“வழி தெரியாதே சார்!”

“யாரையாச்சும் கேட்டுட்டுப் போய்யா!” என்று போனை அணைத்தார்.

“பொறுப்பான வேலை” என்றார் கேப்டன். அந்த ஒரு வார்த்தையோடு படியிறங்கத் தொடங்கினார்.

வாசலில் காவலாளி ஓடிவந்து சல்யூட் வைத்தான். அவனைக் கண்டதும் கேப்டன் சட்டென்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி காருக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். தரைப்பூச்சிகளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாராம்!

மாப்பிள்ளை காவலாளியைத் தனியே இழுத்தார். “இன்ஜின் புகையுதுன்னு யாருய்யா உன்னைச் சொல்லச் சொன்னது? போச்சு, எல்லாம் போச்சு! அத்தனை வருஷம் விமானம் ஓட்டின மனுஷன்கிட்டயா நம்ம வித்தை பலிக்கும்?”

காவலாளி காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தான்.

“யாரு சார் ஓட்டினது? நான் முன்னாடி இருந்த ஏர்போர்ட்டுல என்கூட விமானத்துக்குப் படிக்கட்டு வண்டி தள்ளிட்டிருந்த அண்ணன் சார் அது. பாவம், ஒரு நாள்கூட மேல ஏறினதில்ல.”