தராசு இன்ஸ்பெக்டர் டாலர் வாங்கிய கதை

இனிமேல் சம்பளத்தை நம்பிப் பிழைப்பதில்லை என்று தராசு இன்ஸ்பெக்டர் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் தேய்த்துக்கொண்டே முடிவு செய்தார். வாயில் நுரை. மனைவியிடம் அப்போது சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமைதான் சொன்னார்.

கடை கடையாகப் போய்த் தராசுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். வெங்காயம் விற்கிறவர் முதல் தங்கம் விற்கிறவர் வரை அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். வீட்டில்தான் யாரும் எழுந்ததில்லை. கைக்குழந்தைக்கு நிற்கத் தெரியாது. மனைவிக்கு நேரம் கிடையாது.

"இங்க பாரு, டாலர் வாங்கிட்டேன்!" என்று செல்போனை நீட்டினார்.

"எங்கங்க? காட்டுங்க!" அவள் ஆவலாக எட்டிப் பார்த்தாள்.

"கைக்கெல்லாம் வராது. திரையிலயே ஏறும், இறங்கும். இருபதாயிரம் போட்டேன். மூணே நாள்ல முப்பத்தோராயிரம்!"

"எந்த இருபதாயிரம்?"

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். சுவர் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தில்தான் குழந்தைக்கு இருமல் விடாமல் இருந்தது. காய்ந்த சுவருள்ள ஒரு மாடி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சேர்த்த இருபதாயிரம் அது.

அவள் முகம் வெளுத்தது. ஆனால் கத்தவில்லை. கத்தினால்கூட அவர் தாங்கிக்கொள்வார். அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"ஒரு பங்கு போட்டா நூறு பங்குக்கு வாங்கலாம்னு போட்டிருக்கே. மீதி தொண்ணூத்தொம்பது யார் குடுக்கிறா?"

"கம்பெனி."

"அவங்க என்ன நமக்கு மாமனா, மச்சானா?"

"அதான் வியாபாரம்!"

"அந்த நூறுல ஒண்ணு இறங்கினா?"

"நாம போட்டது போயிடும். ஆனா இறங்காது."

"யார் சொன்னா?"

"மேனேஜர். தினம் போன் பண்றார். தங்கமான மனுஷன். என்னை அண்ணாங்கிறார்."

"லைசென்ஸ் இருக்கா?"

"இதோ!" திரையின் மூலையில் ஒரு தங்க வட்டம். நடுவில் ஏழு இலக்க எண்.

"கடையில இப்படி ஒரு முத்திரையைப் பார்த்தா நம்பிடுவீங்களா?"

"நானா? அந்த எண் அந்தக் கடைக்குத்தான் குடுத்ததான்னு ஆபீஸ் பதிவேட்டைப் பார்ப்பேன். எத்தனை போலி முத்திரை பிடிச்சவன் நான்!"

மார்தட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

மாலையில் மனைவி, "போட்டதை வெளியே எடுத்துத்தான் பாருங்களேன்" என்றாள். இன்ஸ்பெக்டர் போன் போட்டார். முதலில் எட்டாயிரம் வரி கட்ட வேண்டும் என்றார் மேனேஜர். "நியாயம்தானே" என்று இவர் தலையாட்டும்போதே போன் கைமாறியது.

"தம்பி, அண்ணி பேசுறேன். நகை வித்த பணம் ரெண்டு லட்சம் சும்மா கிடக்கு. அண்ணன் போட்ட இருபதாயிரத்தை மட்டும் ஒரு தடவை திருப்பிக் காட்டுங்க. நம்பிக்கை வந்துட்டா மொத்தத்தையும் போட்டுடறேன். வரியா? அதையும் சேர்த்தே கட்டிடறேன். என் அக்கவுண்ட் நம்பர் எழுதிக்கிறீங்களா?"

அரை மணியில் பணம் வந்து விழுந்தது.

இன்ஸ்பெக்டர் துள்ளினார். "பார்த்தியா! என்ன நாணயம்! எடு அந்த ரெண்டு லட்சத்தை!" துள்ளியவர் பாதியில் நின்றார். "ஆமா... உன்கிட்ட ஏது அவ்வளவு நகை?"

"ஏது?" என்றாள் அவளும். "உங்க ஆபீஸ் மாதிரி இந்தக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் குடுக்கவும் ஒரு ஆபீஸ் இருக்குங்க. மத்தியானம் என் போன்லயே அவங்க பதிவேட்டைப் பார்த்தேன். அந்த எண் வேற கம்பெனியோடது. அதுல இருந்த நம்பருக்கே போன் பண்ணினேன். எங்க எண்ணை எவனோ திருடிட்டான், இன்னைக்கு நீங்க பதினோராவது ஆள்னு அந்தக் கம்பெனிக்காரர் பாவம் அழாத குறை."

"அப்போ பணம்?"

"விடிஞ்சதும் மாடி வீட்டம்மா கைக்குப் போயிடும்."

இன்ஸ்பெக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என்கிட்டேயே போலி முத்திரையா? திங்கட்கிழமை சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, மனைவியிடம்கூடச் சொல்லாமல், அந்த ஆபீஸுக்கே போனார். நாலு பக்கப் புகாரை மேஜைமேல் வைத்தார்.

அங்கிருந்த அதிகாரி கம்பெனிப் பெயரைப் பார்த்தார். ஒரு கோப்பைப் புரட்டினார். பிறகு இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தப் புகார் சனிக்கிழமையே வந்துடுச்சு சார். ஒரு அம்மா குடுத்திருக்காங்க. ஏமாந்தவர் தொழில்ங்கிற இடத்துல, 'ஊர் ஏமாறாம பார்த்துக்கிற உத்தியோகம்'னு எழுதியிருக்கு. அது நீங்கதானா?"