இரண்டு மணி நேரத்தில் பத்து உதை

கணக்கு வாத்தியார்களை நம்பி எதையும் எண்ணக் கொடுக்காதீர்கள். நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம். காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் குடியிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரம் அண்ணனின் தறி. குடிவந்த ஒரே வாரத்தில் அந்தச் சத்தம் எங்கள் காதில் விழுவதே நின்றுபோனது.

என் மனைவி சுமதிக்கு அப்போது எட்டாம் மாதம். முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போயிருந்ததால், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். டியூஷன் இல்லாத நேரமெல்லாம் பிரவுசிங் சென்டர்தான். கண்டதையும் படித்துப் பயந்த பிறகு, ஏதோ ஒரு மருத்துவமனையின் இணையப் பக்கம் உருப்படியாகத் தெரிந்தது. 'இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வேண்டும். குறைந்தால் உடனே மருத்துவரிடம் போகவும்.' பிரிண்ட் எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் சுமதி தரையில் பாய் போட்டுத் தூங்குவாள். எழுப்பாமல் வயிற்றில் உள்ளங்கையை வைப்பேன்.

"கண்ணு, அப்பா பேசறேன்..."

திம்!

"சமத்தா இருக்கியா?"

திம்! (மயிர்க்கூச்செறியும்.) அரை மணியில் பத்து உதை. நோட்டில் குறித்துக்கொள்வேன். புலிக்குட்டி என்று ஊரெல்லாம் தம்பட்டம் வேறு.

அமாவாசை வந்தது. அன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். வழக்கம்போலக் கையை வைத்தேன். அசைவில்லை. "கண்ணு" என்றேன். பதிலில்லை. தெரு முழுக்கச் செத்துக் கிடந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்டது. சுமதி மூச்சு விடுகிறாளா என்றுகூட மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரம். ஒன்றுகூட இல்லை.

அவளை எழுப்பிக் கேட்டேனா? இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் பறந்தேன். (மேதாவி!)

ஏதோ ஒரு கேள்வி-பதில் பக்கம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. எங்கோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'நேற்றிலிருந்து அசையவில்லை. யாராவது இருக்கிறீர்களா?' கீழே யாரும் பதில் எழுதவில்லை. தேதியைப் பார்த்தேன். மூன்று வருடம் ஆகியிருந்தது. என்னைத்தான் கேட்கிறாள் என்று தோன்றியது.

"இன்னா சார், பேயப் பாத்த மாதிரி உக்காந்துக்கினு இருக்கீங்க?" என்றார் கடைக்காரர்.

ஓடினேன். ஆட்டோ பிடித்து, தூக்கக் கலக்கத்தில் இருந்த சுமதியை ஏற்றினேன்.

"இன்னாங்க ஆச்சு?"

"ஒண்ணும் கேக்காதம்மா. நான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு நானே ஓவென்று அழுதேன். அவளும் பயந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்தார். அந்த ஒரு நிமிடம் என் எதிரிக்கும் வரக்கூடாது. பிறகு அறை முழுக்க டக் டக் டக் டக் என்று இதயத் துடிப்பு கேட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அசைவு இல்லைன்னு யார் சொன்னது?"

"தினமும் மத்தியானம் அரை மணில பத்து உதைக்கும் மேடம். கை வச்சு எண்ணுவேன்."

சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டே முறைத்தாள். "காலைலகூட விலாவுல உதைச்சுதே! மத்தியானம் அதுவும் என்கூடத் தூங்கும்... ஐயோ, தறிய அப்பப்ப ஓங்கி அடிக்கறது தரையில அதிருமே, அதையாங்க எண்ணிக்கினு இருந்தீங்க?"

அப்படியானால் இத்தனை நாளும் நான் கொஞ்சியது ஏகாம்பரம் அண்ணனை!

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சந்தேகம்னா உடனே இங்க வரணும் சார். நடுவுல கம்ப்யூட்டர் எதுக்கு? சுமக்கறவங்கள எழுப்பிக் கேட்டீங்களா?"

வீட்டுக்கு வந்து பிரிண்டைப் பார்த்தேன். 'தாய் உணரும் அசைவுகள்' என்று முதல் வரியிலேயே இருந்தது. அந்தப் பக்கம் பொய் சொல்லவில்லை. படித்தவன்தான் மக்கு.

நல்லபடியாகப் பெண் பிறந்தாள். சுமதிக்கு அண்ணன் தம்பி இல்லை. காதுகுத்துக்கு யார் மடியில் உட்கார வைப்பது என்ற பேச்சு வந்ததும், "அப்பன் கேட்டப்பல்லாம் பதில் சொன்னவன் நான். எனக்கு இல்லாத உரிமையா?" என்று ஏகாம்பரம் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது மகள் கல்லூரியில் படிக்கிறாள். உடம்புக்கு இது நல்லது, அது ஆகாது என்று நான் எதை அனுப்பினாலும் முதலில் அவருக்குத்தான் போன் போடுகிறாள்.

"மாமா, அப்பா ஒண்ணு அனுப்பியிருக்காரு. நம்பலாமா?"